பெரனாக்கான் மியூசியம்: சீனர் வீட்டு பழைய சாமான் பாக்க நாம எதுக்கு போகணும்?

கேள்வி, 14 ஆகஸ்ட் 2024

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க, சிங்கப்பூர்ல பத்து நாள் இருப்பாங்க. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல இருக்கற பெரனாக்கான் மியூசியத்த லிஸ்ட்ல சேக்கலாமா? ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு, அது முழுக்க பணக்கார சீனர் வீட்டு பீங்கான், செருப்பு, கட்டிலு, நம்ம ஆளுங்களுக்கு அங்க ஒண்ணும் இல்ல, அந்த நேரத்துக்கு முஸ்தபா கடைக்கு ஷாப்பிங் போங்கன்னு. போனவங்க சொல்லுங்க.

14 ஆகஸ்ட், ராத்திரி

உங்க ஆபீஸ்காரர் சொன்ன மூணும் இருக்குமாம், பீங்கானு, செருப்பு, கட்டிலு. நானும் பதினோரு வருஷமா அந்த வாசல தாண்டி நடந்துட்டே இருக்கேன், ஒரு நாளும் உள்ள போனதில்ல, காரணமும் அதேதான். எங்கம்மா நாகப்பட்டினத்துலேர்ந்து வந்திருக்காங்க, முஸ்தபாவுக்கு மூணு தடவ போயாச்சு, நாலாவது தடவ போனா என் கிரெடிட் கார்டு அழும். வெள்ளிக்கிழமை அங்க ராத்திரி 9 வரைக்கும் தொறந்திருக்கும்னு போட்டிருக்கு. போயிட்டு வந்து சொல்றேன்.

17 ஆகஸ்ட், காலை

போயிட்டு வந்தாச்சு. ஒரு மணி நேரம் போதும்னு நெனச்சு போனோம், கடைசில காவலுக்கு நின்ன அங்கிள் வந்து மூடப்போறோம்னு சொல்ற வரைக்கும் எங்கம்மா மூணாவது மாடிய விட்டு நகரல.

நானும் பொண்ணும் பிஆர், நிரந்தரவாசிங்க, அதனால எங்களுக்கு காசு இல்ல, அம்மாவுக்கு மட்டும் டிக்கெட். இது அம்மாவுக்கு பிடிக்கல. "எனக்கு மட்டும் காசுன்னா நான் வெளிய உக்காந்துக்கறேன்"னு ஆரம்பிச்சாங்க, சமாளிச்சு உள்ள கொண்டு போனேன்.

கட்டடம் பழைய பள்ளிக்கூடம். தாவ் நான் ஸ்கூல்னு ஹொக்கியன் சீனர்ங்க 1906ல ஆரம்பிச்சது, இந்த கட்டடம் 1912ல முடிஞ்சது. 2008லேர்ந்து பெரனாக்கான் மியூசியம். நடுவுல 2019ல மூடி, எல்லாத்தையும் மாத்தி, 2023 பிப்ரவரில திரும்ப தொறந்தாங்க. கீழ பூர்வீகம், நடுவுல வீடு, மேல உடுப்பும் நகையும், மூணு மாடிக்கும் லிஃப்ட் இருக்கு, முட்டி வலிக்காரங்க பயப்பட வேணாம்.

கீழ்த்தளத்துலயே எனக்கு ஒரு அடி விழுந்துச்சு. பெரனாக்கான்னா சீனர்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். இல்லையாம். மலாய்ல அனாக்னா புள்ள, பெரனாக்கான்னா இந்த மண்ணுல பொறந்த புள்ளைங்க, வெளியிலேர்ந்து வந்த அப்பனுக்கும் இங்கத்த அம்மாவுக்கும் பொறந்த வம்சம். (அதே வார்த்தைக்கு மலாய்ல கருப்பைன்னும் அர்த்தம். யோசிச்சுப் பாத்தா அதுதான் இன்னும் சரியா இருக்கு.) கப்பல்ல வந்தவன் காத்து மாறுற வரைக்கும் மாசக்கணக்கா மலாக்காவுல தங்கியிருந்தான், தங்கின எடத்துல குடும்பம் ஆச்சு. வந்தவன் சீனன்னா புள்ளைங்க ஆம்பளன்னா பாபா, பொம்பளன்னா நோன்யா. வந்தவன் நம்மூர் முஸ்லிம்னா ஜாவி பெரனாக்கான். வந்தவன் நம்மூர் இந்துன்னா செட்டி மலாக்கா. ஆமா, நம்ம செட்டியாருங்கதான், அவங்க போட்டோவும் அங்க இருக்கு, இடுப்புல சாரோங், மேல கெபாயாங்கற சட்டை போட்டுக்கிட்டு நெத்தில பொட்டு. எங்கம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "இது யாரு வீட்டு பொண்ணுடி, பாவாடைய இப்படி கட்டியிருக்கு"ன்னாங்க.

பக்கத்துல இருந்த விவரத்த படிச்சிட்டு நான் சொன்னேன், இவங்கல்லாம் தமிழர் வம்சம்தான்மா, ஆனா தமிழ் போச்சு, வீட்ல மலாய்தான் பேசறாங்கன்னு. "அய்யோ பாவமே"ன்னாங்க அம்மா. என் பொண்ணு, செகண்டரி ரெண்டு, அந்த போட்டோவ பாத்துட்டு சாதாரணமா "சோ தே ஆர் லைக் மீ"ன்னா. எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சு. நீ வாரத்துக்கு அஞ்சு பீரியட் தமிழ் படிக்கறடீன்னு கத்தினேன், மியூசியத்துலயே.

ரெண்டாவது மாடில கட்டில். பினாங்குலேர்ந்து வந்த கல்யாணக் கட்டில், செவப்பும் தங்கமுமா செதுக்கல், சுத்தியும் திரைச்சீலை, தேரத் தூக்கி வீட்டுக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு. அதோட சொந்தக்காரம்மாவுக்கு 11 பிள்ளைங்க, முதல் 7 பேரும் அந்தக் கட்டில்லயே பொறந்தவங்களாம். அம்மா ரொம்ப நடைமுறையா ஒரு கேள்வி கேட்டாங்க, "மிச்சம் நாலு?"

அந்த காலத்துல அவங்க கல்யாணம் 12 நாள். படுக்கைய தயார் பண்ணும்போது ஒரு சின்னப் பையன மெத்தைல மூணு தடவ உருள விடுவாங்க, தலைச்சன் ஆம்பளயா பொறக்கணும்னு. அப்புறம் சேவலும் கோழியும் கட்டிலுக்கு அடியில விட்டு, எது முதல்ல வெளிய வருதோ அதுதான் முதல் புள்ளன்னு சொல்லிப் பாப்பாங்க. இன்னொண்ணு, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்து தங்கற வழக்கம் பாபா குடும்பங்கள்ல சகஜம். இதக் கேட்டதும் அம்மா "வீட்டோட மாப்பிள்ளையா"ன்னு ஒரு தினுசா சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வராதது நல்லதா போச்சு.

மிச்சம் அப்புறம். அரிசி களையணும்.

17 ஆகஸ்ட், மதியம்

வழி கேட்டவருக்கு: கார் வேணாம், சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷ நடை. அந்த வீதியே நடக்கறவங்களுக்குன்னு விட்டிருக்காங்க. அடுத்த தெருவுல 1835ல கட்டின ஆர்மீனியன் சர்ச் இருக்கு, சிங்கப்பூர் சர்ச்சுங்கள்லயே பழசு, வெள்ளையா, வாசல்ல நெழல் இருக்கும், அப்பா அம்மாவ அங்க பத்து நிமிஷம் உக்கார வைங்க.

18 ஆகஸ்ட்

முக்கியமானத விட்டுட்டேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எங்கம்மா என் கைய புடிச்சு இழுத்தாங்க. "வெத்தலப் பெட்டிடி." வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கிண்ணம், பாக்குவெட்டி, எல்லாம் வெள்ளி. பக்கத்துலயே எச்சில் துப்பற படிக்கம், பூப்போட்ட பீங்கான்ல. எங்க பாட்டி வீட்ல பித்தளப் படிக்கம் ஒண்ணு இருந்துச்சு, அத பேரீச்சம்பழத்துக்கு போட்டது யாருங்கற சண்டை முப்பது வருஷமா எங்க குடும்பத்துல ஓடுது, அது அங்கயே மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. பெரிய மாமாதான் போட்டாருன்னு அம்மா சாதிக்கறாங்க.

பீங்கான் பத்தியும் சொல்லணும். ரோஸு, பச்ச, மஞ்சன்னு மிட்டாய்க் கலர்ல, பீனிக்ஸ் பறவையும் பியோனி பூவும் போட்டு, சீனாவுல ஜிங்டேஜென்ல சொல்லி செய்ய வெச்சது. சீனாவுல செஞ்சதுதான், ஆனா இந்த கலரு நோன்யா வீடுங்களுக்குன்னே போட்டது. மலாய்ல தட்டுக்கு பிங்கான். நாம பீங்கான்.

20 ஆகஸ்ட்

சரி, சரி, திட்டாதீங்க. மூணு பேர் தனித்தனியா வந்து திருத்திட்டீங்க, சரியாத்தான் திருத்தியிருக்கீங்க. செட்டி மலாக்காவும் நாட்டுக்கோட்டை செட்டியாரும் ஒண்ணு இல்ல. நாட்டுக்கோட்டைக்காரங்க வட்டிக்கடை வெக்க வந்தது 19ஆம் நூற்றாண்டுல. இவங்க அதுக்கு நானூறு வருஷம் முன்னாடி, மலாக்கா சுல்தான் காலத்துல வந்த வியாபாரிங்க. போர்த்துகீசுக்காரன் 1511ல மலாக்காவ புடிச்சப்பவே அங்க தமிழ் வியாபாரிங்க பெரும்புள்ளியா இருந்தாங்க, நைனா சாத்துன்னு ஒருத்தர போர்த்துகீசுக்காரனே பெண்டஹாரா ஆக்கி வெச்சான், மந்திரி மாதிரி பதவி. செட்டிங்கறது இங்க ஜாதி இல்ல, வியாபாரிங்கற அர்த்தம்தான். அவங்க குடும்பப் பேர்ல பிள்ளை இருக்கு, நாயக்கர் இருக்கு, பத்தர் இருக்கு.

"நம்ம செட்டியாருங்கதான்"னு நான் எழுதினத அழிக்கல, அப்படியே இருக்கட்டும், திருத்தினவங்க கஷ்டப்பட்டு டைப் பண்ணியிருக்காங்க.

20 ஆகஸ்ட், கொஞ்சம் கழிச்சு

இன்னொரு திருத்தம், இது நானே புடிச்சது. வேற ஒரு எடத்துல, பினாங்கு சர்ச் ஸ்ட்ரீட்ல இருக்கற பச்ச மாளிகைய பத்தி "பெரிய பாபா குடும்பத்து வீடு"ன்னு எழுதியிருந்தேன். இன்னைக்கு அத பெரனாக்கான் மியூசியமாத்தான் வெச்சிருக்காங்க, ஆனா 1890கள்ல கட்டின கப்பித்தான் (சீனர் தலைவர் மாதிரி பதவி) சுங் கெங் குவீ பாபாவே இல்ல. சீனாவுல பொறந்து வந்த ஹக்காக்காரர், பேராக் ஈயச் சொரங்கத்துல சம்பாதிச்சவர். உள்ள இருக்கற நோன்யா சாமானெல்லாம் பின்னாடி சேத்து வெச்சது. உண்மையான குடும்ப வீடு பாக்கணும்னா மலாக்காவுல துன் தான் செங் லாக் ரோட்ல சான் குடும்பத்து வீடு இருக்கு, இல்ல இங்கயே நீல் ரோடு 157ல நீலக் கலர்ல பாபா ஹவுஸ் இருக்கு, முன்னாடியே பதிவு பண்ணிட்டு போகணும்.

27 ஆகஸ்ட்

சாப்பாடு பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். காத்தோங் பக்கம் ஒரு கடையில அயாம் புவா கெலுவாக் சாப்ட்டோம். கோழிக் கொழம்பு, அதுல உருண்டையா கறுப்புக் கொட்டை. அந்தக் கொட்டை பச்சையா விஷம், சயனைடு. வேக வெச்சு சாம்பல்ல பொதச்சு நாள்கணக்கா வெச்சு, அப்புறம் தண்ணிய மாத்தி மாத்தி ஊற வெச்சாதான் சாப்பிடலாம். மொதல்ல இத யாரு சாப்ட்டு பாத்தது, எத்தன பேரு போனதுக்கு அப்புறம் சாம்பல்ல பொதைக்கணும்னு தோணுச்சு, இதெல்லாம் யோசிச்சா சாப்பாடு எறங்காது. வாய்ப்பக்கம் ஒரு ஓட்ட போட்டிருப்பாங்க, சின்ன கரண்டியால உள்ளேர்ந்து கறுப்பு விழுது நோண்டி எடுத்து சோத்துல பெசையணும். நல்லி எலும்பு உறிஞ்சற சொகம். புளிப்பு, கசப்பு, ஒரு மண்ணு வாசம்.

அம்மா ஒரு வாய் வெச்சாங்க. "வத்தக்கொழம்பு தீஞ்ச மாதிரி இருக்கு"ன்னாங்க. ஆனா தட்ட காலி பண்ணிட்டாங்க.

ரெம்பாங்கற மசாலா விழுது அரைக்கற கல்ல பத்தி கடைக்காரம்மா சொன்னாங்க, பத்து கிலிங்னு, பத்துன்னா மலாய்ல கல்லு. படுக்க வெச்ச கல்லு, மேல உருட்டற கல்லு. அம்மிதான் வேற என்ன. மிக்ஸில அரைச்சா ருசி வராதுன்னு அந்தம்மா சொன்னதும் எங்கம்மாவுக்கு அவங்கள ரொம்ப புடிச்சு போச்சு, பாஷையே இல்லாம ரெண்டு பேரும் மிக்ஸிய பத்தி கால் மணி நேரம் குத்தம் சொல்லிட்டு இருந்தாங்க.

8 செப்டம்பர்

இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். மூணாவது மாடில அம்மா நகரலன்னு சொன்னேன் இல்ல, நகைக்கு முன்னாடிதான். நான் வைரத்த பாக்கறாங்கன்னு நெனச்சேன். கெரோசாங்னு புரோச்சு, மூணு சேந்து ஒரு செட்டு, கெபாயாவுக்கு பட்டனே கெடையாது, இந்த மூணுதான் முன்னாடி சேத்துப் புடிக்கும். மேல போடற பெருச அம்மான்னும் கீழ ரெண்ட புள்ளைங்கன்னும் சொல்வாங்களாம். தங்கத்துல பட்ட தீட்டின வைரம் அடச்சு வெச்சிருக்கும்.

ஆனா அம்மா பாத்துட்டு இருந்தது அத இல்ல. பக்கத்துல முத்தும் வெள்ளியுமா ஒரு செட்டு இருந்துச்சு, அது துக்க நகை. வீட்ல சாவு விழுந்தா நோன்யா பொம்பளைங்க தங்கத்த எடுத்துட்டு வெள்ளியும் முத்தும் போட்டுப்பாங்க, முத்துன்னா கண்ணீராம். உடுப்பும் கறுப்பு, வெள்ள, அப்புறம் நீலம், பச்சன்னு படிப்படியா மாறும். முழு துக்கம் மூணு வருஷம் வரைக்கும் போகும். நான் இதையெல்லாம் படிச்சு சொன்னேன். அம்மா திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "அப்பறம் தங்கம் போட்டுக்கலாமா?" துக்கம் முடிஞ்சா போட்டுக்கலாம்மான்னேன்.

அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. அம்மா பஸ்ல வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல. நானும் ஒண்ணும் கேக்கல. போன வாரம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல ஒரு நகைக்கடை வாசல்ல நின்னு சும்மா பாத்துட்டு வந்தோம், வாங்கல.

22 செப்டம்பர்

கலகலப்புக்கு வருவோம். கசுட் மானெக் பாத்தேன், பாசி மணி செருப்பு, அதே சூட்டுல மணி கோக்கற வகுப்புக்கு காசு கட்டிட்டேன். மியூசியத்துல மேஜைக்கு விரிக்கற துணி ஒண்ணு இருக்கு, பினாங்குல செஞ்சது, பத்து லட்சத்துக்கு மேல கண்ணாடி மணி. பறவை, பூன்னு தோட்டமே இருக்கு அதுல. அத பாத்துட்டு "நாம ஒரு செருப்பாவது செய்வோம்"னு தோணுச்சு. தோணிருக்கக் கூடாது.

பிடாங்கான்னு மரச்சட்டம், நம்ம ஆரி ஒர்க் சட்டம் மாதிரியே, அதுல துணிய இழுத்து கட்டிட்டு ஒவ்வொரு மணியா ஊசில கோத்து தைக்கணும். மணியெல்லாம் அந்த காலத்துல ஐரோப்பாலேர்ந்து வந்தது, பட்ட வெட்டின சின்ன மணிக்கு மானெக் போத்தோங்னு பேரு. கடுகு அளவு இருந்தா பெருசு. எனக்கு வயசு 45, வெள்ளெழுத்து. முதல் வகுப்பு ரெண்டு மணி நேரத்துல ஒரு ரோஜா இதழ்ல பாதி, அதுலயும் ரெண்டு வரி தப்பான கலரு. அந்த காலத்துல கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு தன் கையால செருப்பு, தலகாணி ஒறைன்னு தச்சு காட்டணும், அத வெச்சுதான் பொறுமைசாலியா இல்லையான்னு மாமியா எடை போடுவா. என்னை யாரும் கட்டியிருக்க மாட்டாங்க.

24 செப்டம்பர்

செருப்பு ஆச்சான்னு கேக்கறவங்களுக்கு: இல்ல.

3 நவம்பர்

அம்மா தீபாவளிக்கு முன்னாடியே ஊருக்கு போயிட்டாங்க, நகை வாங்காம. வீடு வெறிச்சுன்னு இருக்கு.

"நம்ம ஆளுங்களுக்கு அங்க என்ன இருக்கு"ன்னு முதல்ல கேட்டிங்க இல்ல, அதுக்காக நேத்து தனியா இன்னொரு தடவ போனேன். இந்த தடவ மலாய் வார்த்தைங்கள மட்டும் பாத்துக்கிட்டே போனேன். அந்த தேர் மாதிரி கட்டில், மலாய்ல அதுக்கு காத்தில். நம்ம கட்டில். பெட்டிக்கு பெத்தி. கடைக்கு கெடாய். கப்பல் அங்கயும் காப்பால். ஆப்பத்துக்கு அப்பாம். மணி செருப்புல மானெக்ங்கறதுலயும் நம்ம மணி வாசம் அடிக்குது, இது என் கணக்கு. நோன்யாங்கறது போர்த்துகீசுலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க, பாபாங்கறது பாரசீகம், ஹிந்துஸ்தானி பக்கமாம். ஒரு வீட்டுக்குள்ள இத்தன ஊரு.

துணியும் அப்படித்தான். பழவேற்காடு, நாகப்பட்டினம்னு சோழமண்டலக் கரைலேர்ந்து அச்சுத்துணி கப்பல் கப்பலா இங்க வந்துச்சு, அத பாத்து இங்க பாத்திக்ல, மெழுகு வெச்சு சாயம் போடற துணில, அதே பூவும் கொடியும் போட்டாங்க. எங்க ஊர் பேர கண்ணாடிக்குள்ள ஒரு துணிக்கு பக்கத்துல படிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க தாத்தா நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலா கப்பல்ல பினாங்குக்கு வந்து ஆறு வருஷம் கடையில வேல பாத்துட்டு திரும்பிட்டாரு. அவரு திரும்பாம இருந்திருந்தா நானும் ஒரு போட்டோவா அங்க தொங்கியிருப்பேனோ என்னமோ. (பாட்டி ஊர்ல காத்துக்கிட்டு இருந்தாங்க. திரும்பாம இருந்திருந்தா உயிரோட விட்டிருக்க மாட்டாங்க.)

ஜாவி பெரனாக்கான பத்தி நான் ஒரு வரியோட தாண்டிட்டேன்னு ஒரு பாய் வருத்தப்பட்டு எழுதியிருந்தார், நியாயம்தான். மலாய் மொழில முதல் பத்திரிகையே அவங்க போட்டதுதான், பேரே ஜாவி பெரனாக்கான், 1876ல இங்க சிங்கப்பூர்ல, அரபு எழுத்து மலாய்ல. ஆசிரியர் முன்ஷி முகம்மது சயீத் பின் தாதா மொகிதீன், தென்னிந்திய வம்சம். தெலோக் ஆயர்ல நாகூர் தர்கா இருக்கு, எங்க ஊர்லேர்ந்து நாகூர் எட்டிப் புடிக்கற தூரம், அதனால நான் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் உள்ள போயிட்டு வருவேன். இத்தன நாளும் இத இதோட சேத்து யோசிக்கல.

1 டிசம்பர்

மலாக்கா போயிட்டு வந்தோம், ஸ்கூல் லீவு. போற வழில எல்லைச் சோதனைல ரெண்டரை மணி நேரம் நின்னோம், பஸ் எங்கள விட்டுட்டு போயிடுச்சு, அடுத்த பஸ்ல கெஞ்சி ஏறினோம். அந்த பஸ் கம்பெனி பேர சொல்ல மாட்டேன், சொன்னாலும் எல்லாம் ஒரே லட்சணம்தான்.

ஜாலான் துக்காங் எமாஸ்ல பொய்யாத விநாயகர் கோயில். 1781ல டச்சுக்காரன் குடுத்த எடத்துல செட்டிங்க கட்டினது. பேர பாருங்க, பொய்யாத விநாயகர்! அடுத்து நாலு எட்டு வெச்சா 1748ல எழுப்பின பள்ளிவாசல், இன்னும் நாலு எட்டுல சீனக் கோயில்.

அங்கேர்ந்து காஜா பெராங்ல கம்போங் செட்டி, செட்டிங்க குடியிருக்கற எடம். சின்ன மியூசியம் ஒண்ணு இருக்கு, சிங்கப்பூர்ல மாதிரி விளக்கு வெளிச்சம், ஏசி குளிரெல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா எனக்கு இதுதான் புடிச்சுது. மலாய் வீடு மாதிரிதான் வீடுங்க, ஆனா நெலவாசல்ல மாவெல தோரணம். 1822ல கட்டின முத்து மாரியம்மன் கோயில் இருக்கு. அந்த அம்மனுக்கு ஏப்ரல், மே வாக்குல திருவிழா, பால்குடம், காவடி எல்லாம் உண்டு, அவங்க அத டத்தோ சாச்சார்னு சொல்றாங்க. சாச்சார்னா மலாய்ல அம்மை நோய். பேர் மாறியிருக்கு, அம்மாவும் அம்மையும் பிரியல.

கோயில் வாசல்ல ஒரு வயசான அம்மா, சாரோங், நெத்தில திருநீறு. நெனெக்னு, மலாய்ல பாட்டின்னு, கூப்ட்டு என் ஓட்ட மலாய்ல பேச்சு குடுத்தேன். "தா பண்டாய் சாக்காப் தமிழ்"னு சிரிச்சாங்க, தமிழ் பேச வராதுன்னு. போகிக்கு என்ன செய்வீங்கன்னு கேட்டேன். பார்ச்சுன்னாங்க. போகி அன்னைக்கு செத்தவங்க போட்டோவுக்கு முன்னாடி வாழ எல போட்டு, சோறு, கொழம்பு, பலகாரம், அவங்க உசுரோட இருந்தப்ப ஆசையா சாப்ட்டது எதுவோ அது எல்லாம் வெப்பாங்களாம். நாசி லெமாக், தேங்காப்பால் சோறு, கட்டாயம் உண்டாம். பழ சீசன்ல இன்னொரு பார்ச்சு, அதுக்கு டுரியான், மங்குஸ்தீன்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன். பார்ச்சுன்னா என்ன தமிழா இருக்கும்மான்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "படைச்சுதான், வேற என்ன, கொழந்த வாய்ல வர்ற மாதிரி வந்திருக்கு"ன்னாங்க. இது அகராதி இல்ல, எங்கம்மா. சண்டைக்கு வராதீங்க.

2 டிசம்பர்

மேல 17ஆம் தேதி எழுதினத திரும்ப படிச்சேன். "தமிழ் போச்சு"ன்னு எவ்ளோ ஈசியா எழுதியிருக்கேன். அந்த நெனெக்குக்கு தமிழ் வராது, சரி. ஐநூறு வருஷமா பாஷ இல்லாம போகிய ஒரு வருஷம் கூட விடாம செய்றாங்க. நான் ஊர விட்டு வந்து பதினோரு வருஷத்துல போகிக்கு படைச்சது ரெண்டே தடவ, அதுவும் மாமியா இங்க இருந்த வருஷம். பொங்கலுக்கு தேக்காவுல கரும்பு வாங்கி வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போட்டதெல்லாம் கணக்குல வராது.

பொண்ணு கிட்ட அன்னைக்கு கத்தினதுக்கு சாரி சொன்னேன். "எதுக்கு?"ன்னா. அவளுக்கு ஞாபகமே இல்ல.

6 டிசம்பர்

கெபாயா யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துடுச்சு, பாத்தீங்களா! சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து அஞ்சு நாடும் சேந்து கேட்டு வாங்கியிருக்கு. சாப்பாட்டுக்கெல்லாம் நீயா நானான்னு அடிச்சுக்கற நாடுங்க ஒரு சட்டைக்கு ஒண்ணா நின்னிருக்கு.

கெபாயா வாங்கலாமான்னு எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். மொதல்ல செருப்ப முடின்னாரு.

8 ஜனவரி 2025

கேள்வி போட்டவரு திரும்ப வந்து சொல்லியிருக்காரு, அப்பா அம்மாவ கூட்டிட்டு போனாராம், அவங்கப்பாவுக்கு போரடிச்சு கீழயே உக்காந்துட்டாராம், அம்மா மட்டும் கட்டில்ல நின்னுட்டாங்களாம். அதேதான். ஆம்பளைங்கள ஆர்மீனியன் சர்ச் நெழல்ல விட்டுட்டு போங்கன்னு நான் ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும்.

14 ஜனவரி

நேத்து போகிக்கு படைச்சோம். எல வாங்கி, அப்பா போட்டோ வெச்சு, புது வேட்டி வெச்சு, சோறு, சாம்பார், வாழக்கா பொரியல், வட, பாயசம். நான் போன்ல அம்மாவ வெச்சுக்கிட்டு அவங்க சொல்ல சொல்ல பண்ணேன். வேல நாள், அதனால சாயங்காலம்தான் ஆச்சு, அம்மா அதுக்கே முணுமுணுத்தாங்க.

எல்லாம் வெச்சதுக்கு அப்புறம் பொண்ணு அடுப்படிக்கு போயி ஒரு டம்ளர்ல என்னமோ கலக்கிட்டு இருந்தா. ஐஸ் போட்ட மைலோ. எங்கப்பா இங்க வந்திருந்த ரெண்டு தடவையும் கீழ காப்பிக்கடையில தெனம் ஒரு மைலோ பெங் குடிப்பாரு, சர்க்கரை வியாதிக்காரர், எனக்கு தெரியாம பேத்திய கூட்டிட்டு போயி. "நெனெக் சொன்னாங்கல்ல, தாத்தாக்கு பிடிச்சது வெக்கணும்னு"ன்னு தமிழ்லதான் சொன்னா. எல ஓரமா வெச்சா, எலயில வட்டமா ஈரம்.

போன்ல அம்மா கேட்டாங்க, என்னடி அதுன்னு. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"சக்கர கம்மியா போட சொல்லு"ன்னாங்க.